பிட்சரின் குறி காலில் இருக்கிறது

பேஸ்பாலில் பந்தைக் குறி தவறாமல் வீசுவது பிறவித் திறமை என்ற நம்பிக்கை அமெரிக்காவில் நெடுங்காலம் நிலவியது. வேகமாக வீசும் இளைஞன் குறி தவறினால், அவன் கை அப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் நெஞ்சுரம் போதவில்லை என்பார்கள். அந்த விளையாட்டின் ஏடுகளைப் புரட்டினால் இந்த இரண்டு தீர்ப்புமே தவறு என்று தெரிகிறது. குறி கற்றுக்கொள்ளக்கூடியது. அதைக் கெடுக்கும் பிழை பெரும்பாலும் கையில் இருப்பதில்லை. கால் இறங்கும் விதத்திலும் தலையின் நிலையிலும் இருக்கிறது.

தொடக்கத்தில் பந்து வீசும் பிட்சருக்குக் குறியைப் பற்றிய கவலையே கிடையாது. 1845இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கிளப் எழுதிய விதிகளின்படி, பேட்டர் அடிப்பதற்காகக் கையைத் தாழ்த்திப் பந்தைப் போட்டுக் கொடுப்பதே அவர் வேலை. பிறகு பிட்சர்கள் எட்டாத இடங்களில் வேண்டுமென்றே வீசத் தொடங்கினார்கள். அதைத் தடுக்க 1863இல் ‘பால்’ என்ற விதி வந்தது. கிரிக்கெட்டின் வைடு மாதிரிதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓட்டம் கிடையாது. குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்தால் பேட்டர் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். இந்த ‘வாக்’ கிடைக்க 1879இல் ஒன்பது பால் தேவைப்பட்டன. 1889இல் நான்கே போதும் என்றானது. இடையில் 1884இல் நேஷனல் லீக் தோளுக்கு மேலிருந்து வீச அனுமதித்தது. வேகம் கூடிக்கொண்டே போக, பிழைக்கு இருந்த இடம் சுருங்கியது. 1890இல் ஏமஸ் ரூசி ஒரே பருவத்தில் 289 வாக் கொடுத்தார். இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. 1893இல் பிட்சர் நின்ற கட்டத்தை எடுத்துவிட்டு ரப்பர் பலகையைப் பதித்தார்கள்; அங்கிருந்து பேட்டர் அருகிலுள்ள ஹோம் பிளேட்டுக்குத் தூரம் 60 அடி 6 அங்குலம் ஆனது. கட்டத்துக்குள் நகர்ந்து வீசியவர்கள் இனிப் பின்னங்காலைப் பலகையில் ஊன்றி, முன்னங்காலை நீட்டி வைத்து வீச வேண்டும். அன்றிலிருந்து குறி காலின் விவகாரம்.

ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். பந்து கடக்க வேண்டிய ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். பந்து கையை விட்டுப் பிரியும் இடத்திலிருந்து அது சுமார் 55 அடி தள்ளி இருக்கிறது. நடுவை நோக்கிய பந்து ஒரே ஒரு பாகை விலகினாலும் பிளேட்டுக்கு வரும்போது 11 அங்குலத்துக்கு மேல் தள்ளிப் போயிருக்கும், ஓரத்தைக்கூட உரசாது. இவ்வளவு நுட்பத்தை விரல்நுனி தனியாகக் காப்பாற்ற முடியாது. முன்னங்கால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரே விதமாக இறங்கினால்தான் இடுப்பும் தோளும் ஒரே தடத்தில் திரும்பும். 6 அடி 10 அங்குல உயரமுள்ள ராண்டி ஜான்சன் இதற்குக் கண்கண்ட சாட்சி. 1990 முதல் 1992 வரை மூன்று ஆண்டுகளும் அமெரிக்கன் லீகில் அதிக வாக் கொடுத்தவர் அவர்தான். 1992இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸின் பயிற்சியாளர் டாம் ஹவுசும், அந்த அணியின் நோலன் ரயனும், எதிரணிக்காரர் என்று பாராமல் அவரிடம் ஒரு குறையைச் சொன்னார்கள். இடக்கைக்காரரான ஜான்சனின் வலதுகால் குதிகாலில் இறங்கியது. அதனால் உடல் மூன்றாம் பேஸ் பக்கம் சுழன்று விலகியது. விரல்களுக்குப் பின்னாலுள்ள சதைப்பற்றில் இறங்கச் சொன்னார்கள். 1992இல் 210 இன்னிங்ஸில் 144 வாக். 1993இல் 255 இன்னிங்ஸில் 99. கை மாறவில்லை. அந்த ஆண்டு 308 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார் (பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார்) என்பதால் வேகத்தை விற்றுக் குறியை வாங்கினார் என்றும் சொல்ல முடியாது.

சாண்டி கோஃபாக்ஸ் என்ற பிட்சரின் கதையில் பிழை தலையில் இருந்தது. கையைச் சுழற்றும்போது அளவுக்கு மீறிப் பின்னால் சாய்ந்ததில் இலக்கே அவர் கண்ணிலிருந்து மறைந்துபோனது. டாட்ஜர்ஸ் அணியின் கென்னி மையர்ஸ் இதைக் கவனித்தார். 1961 வசந்தகாலப் பயிற்சியில், முழுப் பலத்தையும் காட்டாமல் வீசும்படி கேட்சர் நார்ம் ஷெரி கேட்டுக்கொண்டார். 1960இல் 175 இன்னிங்ஸில் 100 வாக் கொடுத்தவர், 1963இல் 311 இன்னிங்ஸில் 58தான் கொடுத்தார். வயதும் அனுபவமும் கூடியதால் வந்த பலன் இது என்று வாதிடுவோர் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது: பெரிய தொகைக்குச் சேர்ந்த புதியவரை இரண்டு ஆண்டுகள் கீழ்நிலை லீகுக்கு அனுப்பக் கூடாது என்ற விதியால், கற்க வேண்டிய வயதில் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆனால் 1960 அவருக்கு ஆறாவது பருவம். வெறும் அனுபவம் போதும் என்றால் அதற்குள்ளாகவே பலன் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னும் கனமான மறுப்பு ஸ்டீவ் பிளாஸ் என்ற பிட்சர். 1972இல் 249 இன்னிங்ஸில் 84 வாக் கொடுத்தவர், மறு ஆண்டு 88 இன்னிங்ஸிலேயே அதே 84ஐக் கொடுத்தார். கையில் காயம் இல்லை. எந்த மருந்தும் பலிக்கவில்லை. மனம் குறியைக் குலைக்கும் என்பதை இதற்குப் பிறகு மறுக்க முடியாது. ஆனால் இது கற்றதை இழந்தவரின் கதை. கற்கவே முடியாது என்பதற்கு ஆதாரம் ஆகாது. நோலன் ரயனையும் எடுத்துக்காட்டுவார்கள்: 2,795 வாக் கொடுத்தும் மகத்தான பிட்சர் என்று. 1977இல் 299 இன்னிங்ஸில் 204 வாக் கொடுத்த அதே ரயன், 1989இல், 42 வயதில், 239 இன்னிங்ஸில் 98தான் கொடுத்தார். அப்போது அவருடைய பயிற்சியாளர் டாம் ஹவுஸ்.

தாமதமாகக் கிடைத்த பயிற்சிக்கு என்ன விலை என்பதை ஸ்டீவ் டால்கோவ்ஸ்கியிடம் பார்க்கலாம். 1957இல் பால்டிமோர் ஓரியோல்ஸின் கீழ்நிலை அணியில் சேர்ந்தபோது, அவர்தான் உலகிலேயே வேகமானவர் என்று பார்த்தவர்கள் பேசினார்கள். 1960இல் 170 இன்னிங்ஸில் 262 ஸ்ட்ரைக்அவுட், 262 வாக். ஆளாளுக்கு அறிவுரை சொன்னார்கள். 1962இல்தான் எர்ல் வீவர் என்ற மேலாளர் அவருடைய வேலையைச் சுருக்கினார்: இரண்டே வகைப் பந்து, அதையும் நிதானமாக. 160 இன்னிங்ஸில் வாக் 114ஆக இறங்கியது. 1963 மார்ச்சில், பெரிய லீகின் வாசலில் நின்றபோது, அவருடைய இடது முழங்கை போய்விட்டது. ஒரு பெரிய லீக் ஆட்டத்தில்கூட அவர் பந்து வீசவில்லை.