படகை நிறுத்தும் அதிகாரமும் மீனவரின் உரிமையும்

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளை உள்ளடக்கி 1986-இல் அறிவிக்கப்பட்டது மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அதன் விளிம்பில்தான் பாம்பன், மண்டபம், வேதாளை, கீழக்கரை மீனவர்களின் அன்றாடத் தொழில் நடக்கிறது. 2001-இல் கடல் அட்டை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அன்று முதல், படகுகள் மறித்துச் சோதிக்கப்படுவது இக்கரையில் புதிய செய்தியன்று. ஆனால், அச்சோதனையின் வரம்பு என்ன என்பது பலருக்கும் தெரிவதில்லை.

1972-ஆம் ஆண்டின் அச்சட்டத்தில் 50-ஆவது பிரிவே இதற்கு அடிப்படை. வன அலுவலரோ, சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவல் அலுவலரோ நீதிமன்ற ஆணையின்றியே படகை நிறுத்தலாம், பெட்டிகளைத் திறந்து பார்க்கலாம், உயிரினத்தையும் வலையையும் படகையும் பறிமுதல் செய்யலாம், கைதும் செய்யலாம். இதற்கு அடிப்படை நிபந்தனை, குற்றம் நடந்துள்ளது என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும் என்பது. பூங்காவின் அருகே செல்வது மட்டுமே அத்தகைய காரணமாகிவிடாது. கடற்பகுதியில் படகுகள் தீங்கின்றிக் கடந்து செல்லும் உரிமையை இதே சட்டம் காக்கிறது.

அதேவேளை, பாதுகாக்கப்பட்ட உயிரினம் ஒருவர் வசம் இருந்தது நிறுவப்பட்டால், அது சட்டவிரோதமானது என்றே 57-ஆவது பிரிவு அனுமானிக்கிறது. அல்ல என்று நிறுவும் பொறுப்பு மீனவருடையது. ஆகவே, படகு எங்கே, எப்போது நிறுத்தப்பட்டது, எது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் மகஜரே வழக்கின் உயிர்நாடி. அதைப் படித்துப் பார்க்காமல் கையொப்பமிடுவது பின்னாளில் பெருந்துன்பமாக முடியலாம். உதவி வனப் பாதுகாவலர் நிலையிலுள்ள அலுவலர் பதிவுசெய்யும் சாட்சியம் நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கது. ஆனால், அது குற்றஞ்சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவாகியிருக்க வேண்டும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது அரசமைப்பின் 20-ஆவது கூறு.

கைதானவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும்; வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க விட வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். பறிமுதலான பொருளும் தாமதமின்றி நடுவரிடம் சேர வேண்டும்.

படகு என்ன ஆகும் என்பதே குடும்பங்களின் முதல் கவலை. குற்றத்துக்குப் பயன்பட்ட வாகனமும் படகும் அரசுடைமை என்கிறது 39-ஆவது பிரிவு. ஆயினும், குற்றம் நிரூபணமாகும் முன்பே அவ்வாறு கொள்ள முடியாது. இடைக்காலமாக விடுவிக்க நடுவருக்கு அதிகாரமுண்டு என்று மதுகர் ராவ் வழக்கில் 2008-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கரையில் கிடந்து மரம் உளுத்துப்போகும் முன் மனு செய்வதே விவேகம்.

தேவையின்றித் துன்புறுத்தும் நோக்கில் பறிமுதல் செய்யும் அலுவலருக்கு 53-ஆவது பிரிவு விதிக்கும் உச்சத் தண்டனை, ஆறு மாதச் சிறையும் 500 ரூபாய் அபராதமும். முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கோ, குறைந்தபட்சமே மூன்றாண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். இந்த ஏற்றத்தாழ்வு திருத்தப்பட வேண்டியது.

கடல் அட்டையைக் காப்பது அவசியம்; அதில் இரு கருத்தில்லை. மகஜரைத் தமிழில் எழுதி, இடத்தையும் நேரத்தையும் குறித்து, அதன் நகலைக் கரையிலேயே கையில் கொடுத்தால் நேர்மையான மீனவர் தப்புவார், கடத்தல்காரர் தப்பமாட்டார்.