கொல்லைப்புறமாக வந்த ஆள்

ஈரானில் நடான்ஸ் என்று ஓர் ஊர். அங்கே பூமிக்கடியில், யுரேனியத்தைச் செறிவூட்ட ஆயிரக்கணக்கான மையவிலக்கு இயந்திரங்கள் சுழன்று கொண்டிருந்தன. 2009 கடைசியில் தொடங்கி, சில மாதங்களுக்குள் சுமார் ஆயிரம் இயந்திரங்களைக் கழற்றி மாற்ற வேண்டி வந்தது. குண்டு எதுவும் விழவில்லை. கைவரிசையைக் காட்டியது ஸ்டக்ஸ்நெட் என்ற கம்ப்யூட்டர் புழு என்கிறார்கள் நிபுணர்கள். 2010 ஜூனில், பெலாரஸ் நாட்டு ஆன்டி வைரஸ் கம்பெனி ஒன்றின் கண்ணில் அது பட்டது.

அதன் வித்தை புரிய வேண்டுமானால், டிஎல்எல் என்றால் என்னவென்று தெரிய வேண்டும்.

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக் கொள்ளுங்கள். தலைமைச் சமையல்காரர் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. ஜிலேபிக்கு ஒருவர், வடைக்கு ஒருவர் என்று ஆள் வைத்திருப்பார், வேண்டும்போது கூப்பிடுவார். விண்டோஸில் ஓடும் புரோகிராம்களும் அப்படித்தான். பொதுவான வேலைகளை டிஎல்எல் என்ற தனி ஃபைல்களில் வைத்து, தேவைப்படும்போது உள்ளே அழைத்துக் கொள்கின்றன.

இன்ஜெக்‌ஷன் என்பது, அழைக்காத ஆளைக் கொல்லைப்புறமாக உள்ளே விடுவது. ஓடிக் கொண்டிருக்கும் புரோகிராமின் நினைவகத்தில் கொஞ்சம் இடம் பிடித்து, அங்கே புது டிஎல்எல்லின் பெயரை எழுதி, ‘இதையும் சேர்த்துக்கொள்’ என்று அந்தப் புரோகிராமையே கூப்பிட வைத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான்! அப்புறம் அந்த ஆள் செய்வதெல்லாம் சமையல்காரர் செய்ததாகவே கணக்கு. ஸ்டோர் ரூம் சாவியும் கைக்கு வந்துவிடும்.

கதவை அடைத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். முழுசாக முடியாது. பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள்களும், பல ஆன்டி வைரஸ்களும்கூட இந்த வழியில் நடமாடுபவைதான்.

ஸ்டக்ஸ்நெட்டின் துணிச்சலைப் பாருங்கள். காவலுக்கு நிற்கும் ஆன்டி வைரஸ் புரோகிராமுக்குள்ளேயே சில சமயம் போய் உட்கார்ந்து கொண்டது! அடுத்தது ஆள் மாறாட்டம். சீமென்ஸ் மென்பொருள், ஆலைக் கருவிகளோடு பேசுவதற்கு ஒரு டிஎல்எல்லை வைத்திருந்தது. அதற்கு வேறு பெயர் சூட்டிப் பின்னால் தள்ளிவிட்டு, அந்த நாற்காலியில் தன் ஆளை உட்கார வைத்தது புழு. சாதாரண வேலைகளை அசல் ஆளிடமே அனுப்பிவிடும். கருவிக்குள் ஒளித்து வைத்த திருட்டுக் கட்டளைகளை மட்டும் இன்ஜினீயர் கண்ணில் படாமல் மறைக்கும். அந்தக் கட்டளைகள், இயந்திரங்களைச் சுழற்றும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஒரு சமயம் 1410 ஹெர்ட்ஸுக்கு விரட்டின. இன்னொரு சமயம் 2 ஹெர்ட்ஸுக்கு அமுக்கின.

இது அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்த வேலை என்று 2012-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. இரண்டு அரசுகளும் ஒப்புக்கொள்ளவில்லை.

அணு ஆலை விவகாரம் நமக்கெதற்கு என்று நினைக்காதீர்கள். விளையாட்டில் குறுக்கு வழியில் ஜெயிக்க, ‘இன்ஜெக்டர்’ என்ற பெயரில் இலவசக் கருவிகள் உலவுகின்றன. உங்கள் பிள்ளை இறக்கி வைத்திருக்கலாம். ‘முதலில் ஆன்டி வைரஸை அணைத்துவிடு’ என்று கேட்பது அவற்றில் பலவற்றின் வழக்கம். கேமுக்குள் போகிற ஆள் அங்கேயே நிற்பான், பாங்க் பாஸ்வேர்டு பக்கம் திரும்ப மாட்டான் என்பதற்கு யார் ஜாமீன்?

நடான்ஸுக்குள் நுழைய அந்தப் புழு என்ன பாடுபட்டது! நம் வீட்டில் நாமே காவல்காரனை அனுப்பிவிட்டு, இலை போட்டு உட்கார வைக்கிறோம்.