வண்டிக்குப் பின்னே ஓடிய பிள்ளைகள்

திரௌபதியம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில், பகாசுரன் வதத்தன்று வீமன் வேடக்காரர் கோயில் வாசலோடு நிற்பதில்லை. சோறும் கறியும் ஏற்றிய வண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருவார். மேளம் முன்னே போகும், ஊர்ப் பிள்ளைகள் கூச்சலோடு பின்னே ஓடுவார்கள். 1993 வரை தென்னார்க்காட்டிலும், பிறகு விழுப்புரத்திலும் இருந்து, 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி இந்தக் கூத்து வழங்கும் நிலத்தின் ஒரு பகுதி. உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்தில் சித்திரையில் 18 நாள் நடக்கும் கூத்தாண்டவர் விழாவும் அதே பாரதக் கதையிலிருந்து கிளைத்ததுதான். இத்தனை இருந்தும், குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு பாடும் நேரடி இசை நிகழ்ச்சி, பாட்டுப் பயிலரங்கு என்பவையெல்லாம் நகரம் இப்போது கண்டுபிடித்துக் கிராமத்துக்கு அனுப்பும் புதுச்சரக்கு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இசைக்குள் பிள்ளை நிற்பது இங்கே பழைய வழக்கம். பிள்ளையைத் தனியே பிரித்துப் பார்வையாளராகவோ போட்டியாளராகவோ உட்கார வைத்ததுதான் புதிது.

கூத்து கட்டப்பட்டிருக்கும் விதமே இதற்குச் சான்று. கட்டியக்காரன் கதைக்கு உள்ளேயும் வெளியேயும் நடமாடுகிறவன். ராஜாவிடம் பேசிக்கொண்டே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பொடியனையும் வம்புக்கு இழுப்பான். மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நடிகர் ஓர் அடி பாட, பின்பாட்டுக்காரர்கள் அதையே வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். கேட்கிற குழந்தைக்கு ஒவ்வொரு அடியும் பலமுறை காதில் விழும். பதினெட்டாம் போருக்குக் களிமண்ணால் துரியோதனனைப் படுக்க வைக்கும் படுகளத்தன்று, மண் குழைக்கிற நேரத்திலிருந்தே பிள்ளைகள் அங்கேதான் சுற்றுவார்கள். ரிச்சர்ட் ஃப்ராஸ்கா 1990இல் வெளியிட்ட தெருக்கூத்து நூலும், ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாடு பற்றி எழுதிய தொகுதிகளும், கோயில் சடங்கையும் கூத்தையும் ஊராரின் பங்கேற்பையும் பிரித்தே பார்க்க முடியாது என்பதை விரிவாகக் காட்டுகின்றன. கூத்து மட்டுமல்ல. மார்கழி விடியலில் சாலராவோடு தெருச்சுற்றும் பஜனை, நவராத்திரியில் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் வீடுவீடாகப் போய் அடித்த கோலாட்டம் என எதை எடுத்தாலும், குழந்தையின் கையில் ஒரு வேலை இருந்தது. அதற்கு மதிப்பெண் இல்லை.

நவீன முயற்சிகளைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. நியூயார்க்கில் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் 1958 முதல் 1972 வரை இளையோருக்காக நடத்திய கச்சேரிகள், செவ்வியல் இசையைக் குழந்தைக்கு விளக்கிச் சொல்ல முடியும் என்று தொலைக்காட்சி வழியே உலகுக்குக் காட்டின. இந்தியாவில் கிரண் சேத் 1977இல் தொடங்கிய ஸ்பிக் மேகே, பெரிய வித்வான்களைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து பேசவும் வாசிக்கவும் வைத்தது. தமிழக அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் பாட்டும் பரதமும் கற்றுத் தருகின்றன. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா, மேடையே ஏறியிராத எத்தனையோ பிள்ளைகளை மேடையேற்றியிருக்கிறது. ஆனால் முதல் வகையில் கலைஞர் மேலே, பிள்ளை கீழே. கடைசி வகையில் பிள்ளை மேலே, நடுவர் கீழே. இருவரும் ஒரே வேலையில் சேர்ந்து நிற்கிற அந்தப் பழைய நிலை இரண்டிலும் அரிதாகத்தான் வாய்க்கிறது.

பிள்ளையை மீண்டும் கூத்துக்குள் சேர்க்க வேண்டும் என்பதற்கு எழும் மறுப்புகள் லேசானவை அல்ல. கூத்து விடியவிடிய நடக்கும் பெரியவர்களின் கலை, அதன் கேலியில் பாதி குழந்தைகளுக்கு ஆகாது என்பார்கள். ஓரளவு உண்மை, அதனால்தான் பகாசுரன் வண்டி போன்ற பகல்நேரப் பகுதிகளை முதன்மையாகச் சொல்கிறேன். இதைவிடக் கனமானது, பழைய முறை பிள்ளையிடம் வாங்கிய விலை. கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் பத்து வயதிலேயே பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்தவர். அந்த இழப்பை அறிந்தவர் என்பதால், ஹன்னே டி ப்ரூயினுடன் சேர்ந்து காஞ்சிபுரம் அருகே 2002இல் தொடங்கிய குருகுலத்தில் கூத்துப் பயிற்சியையும் பள்ளிப் படிப்பையும் ஒன்றாகவே வைத்தார். ஆண்களே பெண் வேடம் கட்டிவந்த கலையில் சிறுமிகளும் அங்கே பயின்றார்கள். 2020இல் அது மூடப்பட்டாலும், மரபைக் காப்பதற்காகப் பிள்ளையின் படிப்பைப் பலியிட வேண்டியதில்லை என்பதை அந்தப் பதினெட்டு ஆண்டுகள் நிரூபித்துவிட்டன.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி, வீமன் வண்டி எந்தத் தெருவரை போனது என்பது. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில், மேல்பாதி திரௌபதியம்மன் கோயிலைப் பட்டியல் சாதியினரின் நுழைவு தொடர்பான தகராறில் 2023 ஜூனில் அதிகாரிகள் பூட்டி முத்திரையிட நேர்ந்தது. ஊர்ப் பிள்ளைகள் என்று எழுதும்போது சேரிப் பிள்ளைகளும் அதில் உண்டா என்று கேட்காமல் கடந்துபோவது அநியாயம். பல ஊர்களில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் தடையின்றி ஒன்றாக உட்காரும் இடம் அரசுப் பள்ளிதான். கோயில் வாசலிலேயே கூத்து நடக்கிறதே, அதைப் பள்ளிக்கு ஏன் கொண்டுபோக வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

கள்ளக்குறிச்சியின் கல்வராயன் மலைக்கு ஏறினால் வாதம் இன்னொரு திருப்பம் எடுக்கிறது. அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து கரியராமன் சாமியோடு வந்தவர்கள் என்று சொல்லும் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இலேயே பதிந்திருக்கிறார். பேச்சும் தமிழ்தான். அதற்காகச் சமவெளிக் கூத்தை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஆகாது. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. தங்களுக்கு எது நல்லது என்று வேறு யாரோ முடிவுசெய்த அனுபவம் அவர்களுக்குப் போதும். அங்கு வந்த உண்டு உறைவிடப் பள்ளிகள் எழுத்தைக் கொடுத்தன, அது பெரும் நன்மை. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி விடுதியில் இருக்கும் பிள்ளை, தங்கள் ஆட்டமான சேர்வையாட்டத்தின் அடவைத் தாத்தாவின் பக்கத்தில் நின்று பழகுவது எப்படி? பெற்றோரும் கூலிவேலைக்கு வெளியூர் போய்விடும் வீடுகளில் இந்த இடைவெளி இன்னும் அகலம். ஆகவே மலைமேல் வெள்ளிமலை போன்ற ஊர்களின் விடுதிகளில் நடத்தும் பயிலரங்குக்கு முதலில் அழைக்கப்பட வேண்டியவர்கள் அந்தந்த ஊரில் பாடத் தெரிந்த மூத்தவர்கள், நகரத்திலிருந்து வரும் கலைஞருக்குத் தரும் அதே சம்பளத்தில். வருகிற கலைஞரும் கற்றுக்கொடுக்கும் முன் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தத் தாளத்தைக் கற்றுக்கொள்ளட்டும். ஒரு மதியத்தில் முடிந்துபோகும் நிகழ்ச்சியால் இது நடக்காது. அதே ஆட்கள் மாதந்தோறும், பல ஆண்டுகள் வர வேண்டும்.