நாவலர் அவர்களும் ஆங்கில வித்தியாசாலையும்

நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள் சரிதத்தை எடுத்துரைப்போர், அவர்கள் பதிப்பித்த நூல்களையும் செய்த பிரசங்கங்களையுமே பெரிதும் விரிப்பர். அவர்கள் தொடங்கி நிலைபெறாது போன காரியத்தை ஆராய்வோர் சிலரே.

பார்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் ஆசிரியராயிருந்து, விவிலிய மொழிபெயர்ப்பிற்குந் துணைபுரிந்த அவர்கள், அவ்வேதனத்தைத் துறந்து, 1848-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். பொருள் முட்டியவிடத்து வீடுதோறும் பிடியரிசி திரட்டப்பெற்றது. பாடநூல் வேண்டி 1849-இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னை சென்றார்கள். வழியிலே திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டத்தை நல்கியது. சிதம்பரத்தில் வித்தியாசாலை கண்டது 1864-இல். இவையெல்லாம் யாவரும் அறிந்தன.

தமிழும் சைவமும் மட்டும் கற்பித்தமையால் ஒரு குறை நின்றது. அரசாங்க உத்தியோகத்திற்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலத்திற்கு மிஷன் பாடசாலை வேண்டும். அங்கே திருநீறு தரித்துச் சென்ற சைவச் சிறுவர் விலக்கப்பட்டனரெனச் சரிதம் கூறும். நெற்றியிலே நீறா, கையிலே நூலா என்று ஒரு பாலன் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை எத்துணைக் கொடிது! அதனை நீக்கவே 1872-இல் அவர்கள் சைவ ஆங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிற் பொருளின்மையால் அது மூடப்பெற்றது. யாழ்ப்பாணத்திற் பொருளுடையார் இலரல்லர். திருவிழா வாணவேடிக்கைக்கு நீண்ட கை இதற்கு நீண்டிலது போலும்.

அத்தோல்வியால் அவர்கள் சோர்ந்திலர். 1876, 1877-ஆம் ஆண்டுகளிற் பஞ்சமும் நோயும் வருத்தியபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தி ஏழைகளை ஊட்டினார்கள். 1879-இல் சிவபதமடைந்தார்கள். ஆங்கிலப் பள்ளி மறுபடி திறக்கப்படுவதை அவர்கள் கண்களாற் கண்டிலர்.

1888-இல் சைவபரிபாலன சபை தோன்றியது. நகரிற் பிறர் நடாத்திவந்த ஆங்கிலப் பாடசாலையொன்றை அச்சபை 1890-இல் ஏற்று, இந்து உயர்தரப் பாடசாலையாக்கியது. அதுவே பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியெனப் பெயர்பெற்றது.

அஃது அவர்கள் கண்ட பள்ளியன்றே, அவர்கள் வெற்றியென்றல் எங்ஙனமெனின், அற்றன்று. சைவச் சூழலில் ஆங்கிலங் கற்பித்தல் கூடுமென்று 1872-இல் முதலிற் செய்துகாட்டியவர் அவர்களே. சபையை நடாத்தியோர் அவர்கள் வழிநின்றோரே. மூடப்பெற்ற பள்ளியால் அவர்கட்குத் தெரியவந்தது, ஒருவர் முயற்சியும் பிடியரிசியும் ஆங்கிலக் கல்விக்குப் போதா, பலர் கூடிய சபை வேண்டும் என்பதாம். வண்ணார்பண்ணையில் அக்கல்லூரி இன்றும் நடைபெறுகின்றது.