சூடான அடுப்பைச் சுற்றி



விளையாட்டைப் பற்றிய பேச்சு என்றவுடன் ஆடுகளத்தில் நிகழ்ந்த வீரச் செயல்களை எதிர்பார்ப்பது இயல்பு. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ ஆட்டம் நடைபெறாத மாதங்களைப் பற்றியது. ஆடுகளம் பனி மூடிக் கிடக்கும் அம்மாதங்களிலே ஆட்டத்தின் அன்பர்கள் தமக்குள் என்ன பேசினார்கள், அவர்கள் யாரைப் பற்றிப் பேசினார்களோ அவர்களின் நிலை என்னவாக இருந்தது என்பதையே சொல்ல விரும்புகின்றேன்.

வட அமெரிக்க மக்கள் பெரிதும் போற்றும் ஆட்டங்களுள் ஒன்று பேஸ்போல். அதனை நமது கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு எனலாம். பந்தெறிவார் ஒருவர், உருண்ட மட்டையால் அடிப்பார் ஒருவர், அடித்தபின் ஓடிச் சுற்றுவதற்கு நான்கு தளங்கள். இளவேனிலிலே தொடங்கும் பருவத்தில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. முடிவிலே ‘உலகத் தொடர்’ நடைபெறும். உலகம் என்று அவர்கள் சொல்வது ஐக்கிய அமெரிக்காவையும் கனடாவின் ஒரே ஒரு நகரத்தையுந்தான். அதனை நாம் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. அத்தொடர் முடிந்ததும் குளிர் வந்துவிடும். பின்னர் நான்கைந்து மாதங்களுக்கு ஆட்டம் இல்லை.

ஆட்டம் இல்லையே தவிர, பேச்சு ஓயாது. பழைய நாளிலே சிற்றூர்ப் பலசரக்குக் கடையிலும் புகையிரத நிலையத்திலும் ஓர் இரும்படுப்புக் கனன்றுகொண்டிருக்கும். வேலை குறைந்த குளிர்கால மாலைகளிலே ஊரார் அதனைச் சுற்றிக் குந்தியிருந்து, நம்மூர் வாசிகசாலைத் திண்ணையிலே அரசியல் பேசுவதுபோல, பேஸ்போல் பேசினர். எந்த அணி யாரை விற்றது, யாரை வாங்கியது, யாரைக் கொடுத்து யாரைப் பெற்றது, தம் அணித் தலைவருக்கு மூளை உண்டா இல்லையா என்பனவே பொருள். சென் லூயிஸ் நகரிலே 1886 இல் தொடங்கிய ‘ஸ்போட்டிங் நியூஸ்’ என்னும் வார இதழ் அப்பேச்சுக்கு விறகிட்டது. இந்தப் பேச்சரங்குக்கு ‘ஹொட் ஸ்டோவ் லீக்’, அதாவது சூடான அடுப்புக் கழகம், என்று பெயர் வழங்கலாயிற்று. அடுப்புகள் மறைந்த பின்னரும் பெயர் மறையவில்லை.

‘விற்றது’, ‘வாங்கியது’ என்று சொன்னேன். அச்சொற்களின் பொருளைச் சிறிது நின்று நோக்க வேண்டும்.

தேசிய லீக் என்னும் அமைப்பு 1876 இல் நிறுவப்பெற்றது. 1879 இல் அதன் அணி உரிமையாளர்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஒவ்வோர் அணியும் ஐந்து ஆட்டக்காரரைத் தனக்கென ஒதுக்கிக்கொள்ளலாம். மற்றை அணிகள் அவர்களை அணுகக்கூடாது. ஐவர் என்பது காலப்போக்கில் அணியினர் அனைவரும் என்றாயிற்று. ஆட்டக்காரர் கையொப்பமிடும் ஒப்பந்தம் ஓராண்டுக்கே உரியது போலத் தோன்றும். ஆனால் அடுத்த ஆண்டுக்கும் அதனைப் புதுப்பிக்கும் உரிமை உரிமையாளரிடமே இருந்தது. அதற்கடுத்த ஆண்டுக்கும் அவ்வாறே. முதலாளி விடுவித்தாலன்றி, அல்லது வேறொருவருக்கு விற்றாலன்றி, ஆட்டக்காரர் ஆயுள் முழுதும் ஓரிடத்திலேயே கட்டுண்டிருந்தார்.

இதனை எதிர்த்தவர்கள் தொடக்கத்திலேயே இருந்தனர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற ஜோன் மொன்ற்கொமரி வோர்ட் என்னும் ஆட்டக்காரர், தாம் மனிதரா உடைமைப் பொருளா என்று வினவி 1887 இல் ஒரு கட்டுரை எழுதினார். 1890 இல் ஆட்டக்காரர்களே ஒரு லீக்கை நடத்திப் பார்த்தனர். அஃது ஓராண்டோடு முடிந்தது. 1922 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், பேஸ்போல் ஆட்டம் மாநிலங்களுக்கிடையேயான வணிகமாகாது என்றும், ஆகவே ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் அதனைக் கட்டுப்படுத்தாது என்றும் தீர்த்தது. புகையிரதத்திலே மாநிலம் மாநிலமாகச் சென்று நுழைவுச்சீட்டு விற்கும் தொழில் வணிகமாகாதது எங்ஙனம் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நம் நாட்டிலே அரசாங்கப் பாடசாலையில் பணி புரிவோர் இடமாற்றக் கடிதத்தின் கனத்தை அறிவார்கள். யானும் அறிவேன். ஆயினும் நமக்கு வேலையை விட்டு விலகிப் பிறிதோரிடத்திலே கற்பிக்கும் வழியாவது உண்டு. பேஸ்போல் ஆட்டக்காரருக்கு அவ்வழியும் அடைபட்டிருந்தது. விரும்பாவிடின் ஆட்டத்தையே கைவிட வேண்டும்.

அடுப்பைச் சுற்றி இருந்தவர்கள் இதை எண்ணிப் பார்த்தார்களா? பெரும்பாலும் இல்லை. அவர்களின் கவலை வேறு. 1920 ஜனவரி 5 ஆம் நாள் பொஸ்டன் நகரத்தார்க்கு ஒரு செய்தி எட்டியது. அவர்களின் ரெட் சொக்ஸ் அணியிலே பந்தெறிவதிலும் பந்தடிப்பதிலும் ஒருங்கே வல்லவராய் இருந்த பேப் ரூத்தை, உரிமையாளர் ஹரி பிரேசி நியூயோர்க் யாங்கீஸ் அணிக்கு விற்றுவிட்டார். விலை ஓர் இலட்சம் டொலர். அதனோடு மூன்று இலட்சம் டொலர் கடனும் பேசப்பட்டது. அக்கடனுக்கு ஈடு பொஸ்டன் அணியின் சொந்த ஆடுகளமே! பிரேசி நாடகக் கொட்டகை நடத்தியவர், பணமுடை உடையவர். ரூத் சம்பளத்தை இரட்டிப்பாக்கும்படி கேட்டு நின்றார் என்பதும் உண்மையே. விற்ற ஆண்டுக்கு முந்திய பருவத்தில் ரூத் 29 முறை பந்தை எல்லைக்கப்பால் அடித்திருந்தார். அதுவே அப்போது சாதனை. நியூயோர்க்கில் முதற் பருவத்திலேயே 54 முறை அடித்தார். 1918 வரையில் ஐந்து முறை உலகத் தொடரை வென்றிருந்த பொஸ்டன், அடுத்த வெற்றிக்கு 2004 வரை காத்திருந்தது. எண்பத்தாறு ஆண்டுகள்! ரூத்தை விற்ற சாபம் என்று பிற்காலத்தார் சொல்லலாயினர். சாபத்தை நான் நம்புகிறவனல்லன். ஆயினும் தாத்தா மனக்குறையைப் பேரன் அடுப்படியில் சுமந்தான் என்பதை நம்புகின்றேன்.

1926 இல் சென் லூயிஸ் கார்டினல்ஸ் அணி தன் முதலாவது உலகத் தொடரை வென்றது. இறுதி ஆட்டத்தின் கடைசிக் கணத்திலே, தளம் களவாட ஓடிய பேப் ரூத்தைப் பந்தால் தொட்டு ஆட்டமிழக்கச் செய்தவர் அவ்வணியின் தலைவர் ரொஜர்ஸ் ஹோர்ன்ஸ்பி. ஊரே கொண்டாடியது. அதே ஆண்டு டிசெம்பர் 20 இல் அவர் நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணிக்குக் கைமாற்றப்பட்டார். ஊரார் கொதித்தெழுந்தனர். ஆனால் ஈடாக வந்த பிராங்கி பிரிஷ் மறுபருவம் மிகச் சிறப்பாக ஆடவே, கோபம் ஆறிவிட்டது. அன்பர்களின் கோபத்துக்கு ஆயுள் அவ்வளவுதான்.

புரூக்ளின் கதை வேறு வகை. நியூயோர்க் நகரின் அப்பகுதிக்குரிய டொட்ஜர்ஸ் அணியிலே 1947 இல் ஜாக்கி ரொபின்சன் களமிறங்கினார். இருபதாம் நூற்றாண்டிலே பெரிய லீக்குகள் கறுப்பினத்தவர்க்கு அடைத்து வைத்திருந்த கதவைத் திறந்தவர் அவர். பத்துப் பருவங்கள் வசையும் தாங்கி ஆடினார். 1956 டிசெம்பரிலே அவரை, புரூக்ளின் மக்கள் மனமார வெறுத்த ஜயன்ற்ஸ் அணிக்கே விற்றார்கள். ரொபின்சன் அதற்குள்ளாகவே ஆட்டத்தைவிட்டு விலகத் தீர்மானித்திருந்தார். அந்த அணிக்கு அவர் ஆடவேயில்லை. மறு ஆண்டில் இன்னும் பெரிய அடி விழுந்தது. 1957 ஒக்டோபரிலே டொட்ஜர்ஸ் அணியே லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் குடிபெயர்வதாக உரிமையாளர் அறிவித்தார். ஜயன்ற்ஸ் அணி சான் பிரான்சிஸ்கோவுக்குப் போயிற்று. ஆட்டக்காரர் தம் விருப்பப்படி அடுத்த தெருவுக்கும் போக முடியாதிருந்த அந்நாளிலே, உரிமையாளர் கண்டத்தின் மறுகரைக்கு அணியையே தூக்கிச் செல்ல முடிந்தது. 1960 இல் புரூக்ளின் ஆடுகளம் இடிக்கப்பட்டது.

இனி, நான் சொல்ல வந்த மனிதருக்கு வருகின்றேன். கேர்ட் பிளட் 1938 இல் பிறந்தவர், கறுப்பினத்தவர், சென் லூயிஸ் அணியின் நடுக்களக் காவலர். 1966 ஆம் பருவம் முழுவதும் ஒரு பிழையேனும் செய்யாது களத்தடுப்பில் நின்றவர். 1964, 1967 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்ற அணியில் இருந்தார். 1968 இன் ஏழாவது ஆட்டத்தில் உயர்ந்து வந்த பந்தொன்றைத் தவறாகக் கணித்தார், தொடர் கைநழுவியது. அந்தக் குளிர்காலப் பேச்சுக்கு அவர் இரையானார். 1969 ஒக்டோபரில் ஒரு காலை தொலைபேசி ஒலித்தது. அலுவலகத்து உத்தியோகத்தர் ஒருவர், பிலடெல்பியா அணிக்கு நீர் மாற்றப்பட்டீர் என்றார். பன்னிரண்டு பருவ உழைப்புக்கு அவ்வளவே விடை.

மற்றவர்களாயின் பெட்டியைக் கட்டியிருப்பார்கள். பிளட் கட்டவில்லை. டிசெம்பர் 24 இல் ஆட்டத்தின் ஆணையாளர் போவி கூனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் தாம் ஓர் உடைமை அல்லர் என்றும், மற்றை அணிகளின் அழைப்பையும் ஆராய்ந்து முடிவு செய்யத் தமக்கு உரிமை உண்டென்றும் அதிலே கண்டிருந்தது. ஆணையாளர் மறுத்தார். பிளட் வழக்குத் தொடர்ந்தார். ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம் டொலர் வாங்குபவர்க்கு அடிமைத்தனம் ஏது என்று கேட்டவர் பலர். நல்ல சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமையே என்று தொலைக்காட்சியிலே விடையளித்தார். நியூயோர்க்கில் 1970 இல் வழக்கு விசாரிக்கப்பட்டபோது, அப்போது களத்தில் ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் எவரும் வந்து சாட்சி சொல்லவில்லை. வந்தவர்களுள் ஒருவர் முதுமைக்கு முன்னரே தலை நரைத்த ஜாக்கி ரொபின்சன்.

வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1972 ஜூன் 19 இல் ஐவருக்கு மூவர் என்ற கணக்கில் பிளட் தோற்றார். தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஹரி பிளாக்மன் ஆட்டத்தின் பேரன்பர். ஆதலின் தீர்ப்பின் முதற்பகுதியிலே பேஸ்போலின் பழங்கதைகளை விரித்து, தாம் மதித்த பழைய ஆட்டக்காரர் எண்பதுக்கு மேற்பட்டோரின் பெயர்களையும் வரிசையாக அடுக்கினார். தீர்ப்போடு உடன்பட்ட நீதியரசர் இருவர்கூட அப்பகுதியில் மட்டும் சேர மறுத்துவிட்டனர். மெல் ஒட் என்னும் ஆட்டக்காரரின் பெயரை விட்டுவிட்டேனே என்று பிளாக்மன் பின்னாளில் வருந்தினாராம். நாட்டின் உயர்ந்த நீதிபீடத்திலும் சூடான அடுப்பு ஒன்று எரிந்திருக்கின்றது! ஆட்டக்காரரின் பெயர்களை அவ்வளவு அன்போடு எண்ணிய கை, ஓர் ஆட்டக்காரரின் விலங்கை அப்படியே இருக்க விட்டது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது. பின்பு சிரித்ததற்காக வெட்கமும் வந்தது. அடுப்படியில் இருந்தவர்களும் இதே அன்பைத்தானே வைத்திருந்தார்கள்?

பிளட்டின் ஆட்டவாழ்வு அதற்கு முன்னரே முடிந்திருந்தது. 1970 முழுதும் ஆடாதிருந்தார். 1971 இல் வாஷிங்டன் அணிக்குப் பதின்மூன்று ஆட்டங்கள் ஆடி விலகினார். ஆனால் அவர் தட்டிய கதவை ஆட்டக்காரர் சங்கம் விடாது தட்டியது. 1975 டிசெம்பர் 23 இல் நடுத்தீர்ப்பாளர் பீற்றர் சைற்ஸ், ஒப்பந்தம் ஓராண்டு மட்டுமே புதுப்பிக்கத்தக்கது, அதன்பின் ஆட்டக்காரர் சுதந்திரர் என்று தீர்த்தார். உரிமையாளர்கள் உடனே அவரைப் பதவியிலிருந்து நீக்கினர். தீர்ப்பை நீக்க முடியவில்லை. 1976 உடன்படிக்கையின்படி ஆறு பருவங்கள் ஆடியவர் தாம் விரும்பும் அணியை நாடலாம் என்றாயிற்று. இன்றும் அதுவே விதி. பிளட் 1997 இல் காலமானார். மறு ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டமொன்று அவர் பெயரைத் தாங்கியது.

இப்பொழுது ஆட்டக்காரர்க்குப் பற்றில்லை, பணமே குறி என்று முதிய அன்பர்கள் முறையிடுகின்றனர். ரூத்தும் ஹோர்ன்ஸ்பியும் ரொபின்சனும் விற்கப்பட்ட காலத்தை அவர்கள் எப்படி மறந்தார்களோ, அறியேன்.

எமது பழைய மாணவர் ஒருவர், நம்மவர் பலரைப்போல், டொரொன்டோவில் வாழ்கின்றார். அந்நகர் அணியான புளூ ஜேய்ஸின் தீவிர அன்பர். 2023 டிசெம்பரிலே ஜப்பானிய வீரர் ஷொஹெய் ஒட்டானி எந்த அணியில் சேர்வார் என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்தது. டிசெம்பர் 8 இல் அவர் டொரொன்டோவுக்குப் பறந்து வருகின்றார் என்று வதந்தி. கலிபோர்னியாவிலிருந்து வந்த சிறு விமானம் ஒன்றின் பாதையை அன்பர்கள் கைத்தொலைபேசியிலே நிமிடத்துக்கு நிமிடம் பார்த்திருந்தனர். நம் மாணவரும் வேலையை விட்டுப் பார்த்திருந்தாராம். விமானம் இறங்கியது. உள்ளே இருந்தவர் கனடிய வணிகர் ஒருவரும் அவர் குடும்பத்தினரும். மறுநாள் ஒட்டானி தம் முடிவைத் தாமே உலகுக்கு அறிவித்தார்: பத்தாண்டுகள், எழுபது கோடி டொலர், லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ். புரூக்ளினை விட்டுப் போன அதே அணி.

2025 உலகத் தொடரில் அந்த டொட்ஜர்ஸும் புளூ ஜேய்ஸும் எதிரெதிர் நின்றனர். ஏழாவது ஆட்டம் டொரொன்டோவிலேயே நடந்து, பதினோராவது சுற்றில் டொட்ஜர்ஸ் வென்றது. மாணவர் இரண்டு வாரம் பேசவில்லை. பின்னர் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தார். வெளியே பனி பெய்கின்றது என்றார். தோல்வியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வருகின்ற பருவத்துக்கு எந்தப் பந்தெறிவாரை வாங்கினால் நன்று என்பதை அரை மணி நேரம் எனக்கு விளக்கினார்.