சனிவார் வாடாவின் அலறல்: ஆவி சொல்லாத நண்பகல்

புணேயின் வடக்கு ஓரத்தில் இருக்கிற போபோடியில் மெட்ரோ ஏறி, கஸ்பா பேட் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சனிவார் வாடாவின் தில்லி தர்வாஸா வந்துவிடும். யானை மோதித் திறக்க முடியாதபடி கதவெங்கும் கூரிய இரும்பு முட்கள். இந்தியாவில் பேய் உலவும் இடங்களை யார் எண்ணினாலும் இந்த மாளிகையை விடுவதில்லை. பௌர்ணமி இரவில், அமாவாசையிலும்தான் என்பார் சிலர், "காகா, மலா வாச்வா" என்று ஓர் இளைஞனின் குரல் உள்ளேயிருந்து கேட்கிறதாம். சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்! குரலுக்கு உரியவர் நாராயணராவ். மராட்டியப் பேரரசின் ஐந்தாம் பேஷ்வா. கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 18.

இந்தக் கதையில் எவ்வளவு உண்மை? ஆவியை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் அலறலைப் பார்ப்போம்.

1761 பானிபட் போரில் நாராயணராவின் மூத்த அண்ணன் விஸ்வாசராவ் மடிந்தார். அந்தத் துயரிலேயே தந்தை நானாசாகேபும் போனார். அடுத்து வந்த அண்ணன் மாதவராவ் சரிந்த அரசைத் தூக்கி நிறுத்திவிட்டு, 1772 நவம்பரில் தேவூரில் காசநோய்க்குப் பலியானார். பட்டம் 17 வயதுத் தம்பியிடம் வந்தது. சித்தப்பா ரகுநாதராவுக்கோ அந்தப் பதவி மீது நெடுநாள் ஆசை. அவரை அதே மாளிகையின் ஒரு பகுதியில் காவலில் வைத்திருந்தார்கள். ஒரே கூரையின் கீழ் பேஷ்வாவும், பேஷ்வா ஆக விரும்பியவரும்.

1773 ஆகஸ்ட் 30, திங்கட்கிழமை. புணேயில் கணபதி விழா நடந்துகொண்டிருந்தது. மறுநாள் அனந்த சதுர்த்தசி. கார்தி எனப்பட்ட கூலிப்படைக் காலாட்கள் காலையிலிருந்தே முணுமுணுத்தார்கள். நாராயணராவுக்குச் சந்தேகம் தட்டியது. மாளிகையைப் பாதுகாக்கும்படி தளபதி ஹரிபந்த் பட்கேயிடம் சொன்னார். பட்கே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் சாப்பிடப் போய்விட்டார். நாராயணராவும் உணவு முடித்துப் படுத்தார். சுமேர் சிங் தலைமையில் கார்திகள் சம்பளப் பாக்கி கேட்பதாகக் கூச்சலிட்டுக்கொண்டு உள்ளே புகுந்தது அப்போதுதான்.

ஜேம்ஸ் கிராண்ட் டஃப் 1826இல் வெளியிட்ட மராட்டியர் வரலாற்றில் இதற்குப் பிறகு நடந்தது விரிவாக இருக்கிறது. பேஷ்வா ஓடிய இடம் சித்தப்பாவின் அறை. அவரைக் கட்டிக்கொண்டு உயிர்ப்பிச்சை கேட்டார். ரகுநாதராவ் சுமேர் சிங்கைத் தடுத்துப் பார்த்தார் என்கிறார் டஃப். இவ்வளவு தூரம் வந்தபின் விட்டால் தன் தலை போகும், விலகாவிட்டால் நீரும் சேர்ந்து சாவீர் என்று சுமேர் சிங் மிரட்ட, சித்தப்பா பிடியை உதறிக்கொண்டார்.

ஆக, அந்த அலறல் பொய்யில்லை. ஆனால் அது எழுந்தது பட்டப்பகலில். அன்று அமாவாசையும் இல்லை, பௌர்ணமியும் இல்லை, வளர்பிறைத் திரயோதசி. நிலவும் நள்ளிரவும் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை. அலறல் எதிரொலித்த அறையும் இன்று கிடையாது. முதலாம் பாஜிராவ் 1730இல் தொடங்கி 1732இல் குடிபுகுந்த மாளிகையின் மேல்தளங்கள் பெரும்பாலும் மரம். 1828 பிப்ரவரியில் பற்றிய தீ ஏழு நாள் எரிந்து அவற்றை விழுங்கிவிட்டது. மிஞ்சியவை மதில், வாயில்கள், அடித்தளக் கற்கள், நீரூற்றுத் தொட்டிகள். பேய் வீடு என்று சொல்லப்படும் இடத்தில் வீடே இல்லை.

இன்னொரு கேள்வியும் எழுகிறது. நாராயணராவ் இறந்தபின் பிறந்த மகன் சவாய் மாதவராவ், 1795 அக்டோபரில் இதே மாளிகையின் மாடத்திலிருந்து விழுந்து இறந்தார். 21 வயது. தவறி விழுந்தாரா, தானே குதித்தாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். மர்மம்தான் பேயைப் பிறப்பிக்கும் என்றால் அவரல்லவா உலவ வேண்டும்? ஊர் நினைவில் அலைவது தந்தைதான். தந்தையின் சாவில் மர்மம் இல்லை, பழி சுமந்த ரகுநாதராவுக்குத் தண்டனையும் இல்லை.

நீதிபதி ராமசாஸ்திரி பிரபுணே விசாரணை நடத்தி, குற்றம் ரகுநாதராவையே சேரும் என்று கண்டார். நாராயணராவைப் பிடிக்கச் சொன்ன ஓலையில் 'தராவே' என்பதை 'மாராவே' என்று திருத்திக் கொலை ஆணையாக்கியவர் ரகுநாதராவின் மனைவி ஆனந்திபாய் என்பது பரவலான நம்பிக்கை. கணவரின் பழியைக் குறைக்க இது வசதியான கதை என்பதால், எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. சாஸ்திரி, புதிய பேஷ்வாவாகிவிட்ட ரகுநாதராவின் முகத்துக்கு நேரே, இந்தப் பாவத்துக்கு உயிரைத் தவிர வேறு பிராயச்சித்தம் இல்லை என்றார். பதவியைத் துறந்து வாயி அருகே ஒரு சிற்றூருக்குப் போனார். ரகுநாதராவ் ஆளும்வரை திரும்பவில்லை. சில மாதங்களில் துரத்தப்பட்ட ரகுநாதராவ், 1775இல் சூரத்தில் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் செய்து அவர்களைப் படையோடு அழைத்துவந்தார். போர் முடித்த 1782 சால்பாய் உடன்படிக்கை அவருக்கு மாதம் 25,000 ரூபாய் ஓய்வூதியம் தந்தது. கோதாவரிக் கரையில் கோபர்காவில் அவர் வாழ்வு முடிந்தது.



நாராயணராவின் ஆவிக்கு அஞ்சியவர்களில், எழுத்தில் பதிவான முக்கியமான மனிதர் ரகுநாதராவின் மகன் இரண்டாம் பாஜிராவ். கொலையுண்டவரின் ஆவியைச் சாந்தப்படுத்த அவர் புணேயைச் சுற்றி ஏராளமான மாமரங்கள் நட்டதையும் அந்தணர்களுக்குத் தானம் வழங்கியதையும் அக்கால ஆங்கிலேயர் குறித்திருக்கிறார்கள். இந்தக் கதையில் எனக்கு முக்கியமான சான்று இதுதான். நள்ளிரவுக் குரலைவிட, தந்தை செய்த கொலையின் பயனாய் வந்த குடும்பப் பழி ஓர் ஆட்சியாளரை மரம் நடவைத்தது கனமான செய்தி. 1817 நவம்பர் 5 அன்று, போபோடிக்குப் பக்கத்துக் காட்கியில் அவர் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. பர்வதி மலையிலிருந்து அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நாள் சனிவார் வாடாவில் ஆங்கிலேயர் கொடி ஏறியது.

அந்த நண்பகலில் இன்னொருவரும் இருந்தார். நாராயணராவின் பணியாள் சாபாஜி டிலேகர். கொலையாளிகளில் ஒருவரான துளாஜி பவார் பேஷ்வாவின் காலைப் பிடித்து இழுத்தபோது, கையில் ஆயுதம் ஏதுமின்றி ஓடிவந்து எஜமானரைத் தழுவிக்கொண்டார். வாள்கள் இருவரையும் சேர்த்தே வெட்டின. மாளிகையில் ஒரு வாயிலுக்கு நாராயண் தர்வாஸா என்று பெயர் இருக்கிறது. சாபாஜிக்கு வாயிலும் இல்லை, பேய்க்கதையும் இல்லை. சித்தப்பாவிடம் கிடைக்காத அடைக்கலத்தைத் தன் உடம்பால் தர முயன்றவர் அவர். வாடாவுக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.