பெரியம்மாவின் சிங்கப்பூர்ப் பட்டை

அந்தக் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து யார் வந்தாலும் பெட்டியில் கோடாலித் தைலத்தோடு இரண்டு பாக்கெட் சலோன்பாஸும் இருக்கும். எங்கள் பெரியம்மா ஒரு பட்டையைப் பாதியாக வெட்டித்தான் முழங்காலில் ஒட்டிக்கொள்வார். "கேக்குதா பெரியம்மா?" என்றால், "கேக்காம இருக்குமா? சிங்கப்பூர்ப் பட்டையாச்சே!" என்பார்.

உண்மையில் அது ஜப்பான் பட்டை. ஹிசமிட்சு கம்பெனி 1934ல் விற்க ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்குப் பங்காளி முறை. ஆனால் அமெரிக்க எஃப்.டி.ஏ. பரிசோதனை முடிவுகளைப் பார்த்து அதற்கு ஒப்புதல் கொடுத்தது 2008ல்தான். 74 வருஷம்!

பட்டையைச் சோதிப்பது அத்தனை லேசில்லை. மாத்திரை என்றால் அதே நிறத்தில் மருந்தில்லாத மாத்திரை செய்து பாதிப் பேருக்குக் கொடுத்துவிடலாம். பட்டையில் மெந்தால் வாசனையும் ஜிலுஜிலுப்பும் இருக்கிறதே! வாசனை வராவிட்டால் தனக்கு வந்தது டம்மி என்று நோயாளி கண்டுபிடித்துவிடுவார். அதோடு மூட்டுவலி ஏறி இறங்கும் வலி. தாங்க முடியாத நாளில்தான் ஆள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். சும்மா விட்டாலும் அடுத்த வாரம் கொஞ்சம் குறையும். அந்தப் பெருமை பட்டைக்குப் போய்விடும்.

டைக்ளோஃபெனாக் கதையும் இதேதான். ஸ்விட்சர்லாந்தின் சீபா-கைகி கம்பெனியின் மருந்து. மாத்திரையாகப் போட்டால் வயிற்றைப் புண்ணாக்கும் என்பதால் தோல் வழியே செலுத்தப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 2007 ஜனவரியில் அதன் பட்டைக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆனால் சுளுக்கு, அடிபட்ட வலிக்கு மட்டும். மூட்டுத் தேய்மானத்துக்கு அதே வருஷம் அக்டோபரில் ஜெல்லுக்குத்தான் கிடைத்தது. முதுகெலும்பு, இடுப்பு, தோள்பட்டையில் சோதிக்கவில்லை என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஒரு முழங்காலில் தடவினால் ரத்தத்தில் சேரும் மருந்து, மாத்திரையில் சேர்வதில் 6 சதவீதம்தானாம்.

2016ல் காக்ரேன் அமைப்பு இத்தகைய பூச்சு மருந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மூட்டுத் தேய்மானத்துக்கு 6 முதல் 12 வாரம் டைக்ளோஃபெனாக் தடவியவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு வலி நன்றாகக் குறைந்தது. மருந்தில்லாத டம்மியைத் தடவியவர்களில்? பத்துக்கு ஐந்து பேர்!

படித்ததும் எனக்குப் பெரியம்மா ஞாபகம்தான் வந்தது. பிரஷர் இருப்பதால் டாக்டர் எனக்கு வலி மாத்திரையை நிறுத்திவிட்டார். இரவில் மனைவிதான் பட்டையை ஒட்டி உள்ளங்கையால் அழுத்திவிடுகிறாள். பார்த்துவிடுவோம் என்று ஒரு வாரம் ஒட்டாமல் இருந்தேன். மூன்றாம் நாளே மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். "பாத்தீங்களா, பட்டை கேக்குது!" என்றாள் அவள். அது எப்படிச் சோதனையாகும்? ஒட்டவில்லை என்பது எனக்கும் என் முழங்காலுக்கும் தெரியுமே!